வீட்டிலேயே ஓர் ‘உப்பின் இப்பின்’ பிறந்தநாள்: மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு போதும்?

தைப்பூசத்திற்குப் பத்துமலையில் முடி இறக்கிவிட்டுத் தாமானுக்குத் திரும்பும் பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வைக்கும் முதல் பெயர் ‘இப்பின்’. மொட்டைத் தலைதான் காரணம். கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையும் அதை விரும்ப ஆரம்பித்துவிடும். அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

அங்கேதான் பெற்றோருக்குத் தலைவலி ஆரம்பமாகிறது. மண்டபம், அலங்காரக் குத்தகைக்காரர், வேடமணிந்து வரும் பெரிய பொம்மை, மூன்றடுக்கு அணிச்சல், புகைப்படக்காரர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு சிறிய கல்யாணச் செலவு வந்துவிடுகிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்காகச் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு போனவர்களை நம் குடும்பங்களில் நாம் பார்த்திருக்கிறோம். கடனை அடைத்து முடிப்பதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். பிள்ளைக்கோ அந்த மண்டபம் ஞாபகத்திலேயே இருக்காது.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை விருந்தைப் பெரியவர்களைப் போல் பார்ப்பதில்லை. தனக்குத் தெரிந்த முகம் சுவரில் இருக்கிறதா, தனக்குப் பிடித்த நிறம் இருக்கிறதா, தொட்டு விளையாட ஒரு பொருள் இருக்கிறதா, அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்பதோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்த நான்கையும் வீட்டிலேயே, கடன் வாங்காமல் செய்ய முடியும். அதற்கு ‘உப்பின் இப்பின்’ மிகவும் ஏற்ற கரு. ஏனென்றால் அந்தக் கதையில் வருவது நம் நாட்டுக் கம்பம். அங்கே இருக்கும் பொருள்கள் நம் வீட்டிலும் இருக்கின்றன.

கதையில் நமக்கும் இடம் உண்டு

லெஸ் கொப்பாக்கே நிறுவனத்தின் இந்தத் தொடர் 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் டிவி9 அலைவரிசையில் தொடங்கியது. நோன்பைப் பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்வதற்காக எடுக்கப்பட்ட சில நிமிடக் கதைகள்தான் அவை. 2009இல் அதே நிறுவனம் ‘கெங்: பெங்கெம்பாராஆன் பெர்மூலா’ என்ற படத்தை வெளியிட்டது, மலேசியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் முழுநீளப் படம் அதுதான். பிறகு 2016இல் ‘ஜெங் ஜெங் ஜெங்’, 2019 மார்ச்சில் ‘கெரிஸ் சியாமாங் துங்கால்’. இந்தக் கடைசிப் படம், 2020 ஆஸ்கார் விருதின் அனிமேஷன் பிரிவில் பரிசீலனைக்கு அனுப்பப்பட்ட 32 படங்களில் ஒன்று.

டுரியான் ருந்தோ கம்பத்தில் ஓப்பாவுடனும் அக்காள் ரோஸுடனும் வாழும் இரட்டையர்கள்தான் உப்பினும் இப்பினும். கூடவே மெய் மெய் இருக்கிறாள், ஜர்ஜித் சிங் இருக்கிறான். சாப்பாட்டுக் கடை நடத்தும் அங்கிள் முத்து இருக்கிறார். சாப்பி என்ற மாட்டோடு சுற்றும் ராஜூ இருக்கிறான். 2009 படத்தில் ராஜூவுக்கு நல்ல வேலை உண்டு. விருந்துக்கு வரும் அண்ணன் பிள்ளைகளில் ஒருவனுக்கு ராஜூ வேடம் கொடுத்தால் அவன் மறுக்கமாட்டான்.

2019 படத்தைக் கருவாக எடுப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் கோரைப்பல் ராஜாவான ராஜா பெர்சியோங் வருகிறார். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ரசிப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை இரவில் அழும். கெரிஸ் என்பது குத்துவாள். அட்டையில் செய்தாலும் கூர்முனை கண்ணுக்கு ஆகாது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, தென்னை மரம் ஏறும் மாட் ஜெனினை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தேங்காய்க்கு வேலை வரும், பிறகு சொல்கிறேன்.

நாள், நேரம், ஆள்

பிறந்தநாளன்று காலையில் கோயிலில் நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயாசம். அதோடு அந்த நாள் நிறைவாகட்டும். விருந்தைச் சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இதுவே வசதி. தேதி நான்கு நாள் தள்ளிப்போனது பிள்ளைக்குத் தெரியாது.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மாலை ஏழு மணி என்று அழைத்து, எட்டரைக்கு ஆட்கள் வந்து, ஒன்பதரைக்கு அணிச்சல் வெட்டும்போது பிள்ளை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி, அழவைத்து, படம் எடுப்போம். பிற்பகலும் அவ்வளவு சரியில்லை: அது பிள்ளை தூங்கும் நேரம், மேற்குக் கரை மாநிலங்களில் இடி மழை வரும் நேரமும் அதுவே. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு போட்டு, ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அணிச்சலைக் கடைசியில் வைக்காமல், முதல் அரை மணி நேரத்தில், பிள்ளை தெளிவாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். “பத்து மணிக்கு வாங்க, பத்தரைக்கு அணிச்சல் வெட்டிடுவோம்” என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டால் தாமதமாக வரும் சொந்தங்களும் ஒரு தடவையாவது நேரத்துக்கு வருவார்கள்.

ஆட்களைக் குறைப்பதுதான் கடினம். பெரியப்பா வீட்டைக் கூப்பிட்டுச் சித்தி வீட்டை விட முடியாது. அதனால் இப்படிப் பிரிக்கலாம்: பிள்ளையின் வயதை ஒத்த சிறுவர்கள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் ஒன்று அழ, மற்றவை சேர்ந்து அழும். ஏழு வயதுக்கு மேற்பட்ட அண்ணன் அக்காமார்களை உதவியாளர்களாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு சேர்த்து 25 பேர் என்றால் ஒரு தோட்ட வீட்டின் முன்வாசலும் கூடமும் தாங்கும். அடுக்குமாடி வீட்டில் 15 பேர்தான். தாழ்வாரத்தில் நாற்காலியும் மேசையும் போட்டு அடைத்துவிடக் கூடாது, அது தீ நேர்ந்தால் எல்லாரும் ஓடும் வழி. ஜன்னல், பால்கனி ஓரம் நாற்காலிகளைப் போடவே வேண்டாம். அன்றைக்கு எல்லாக் கண்ணும் கேமராவில் இருக்கும். பிள்ளை எதில் ஏறி நிற்கிறது என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

தொகையை முதலில் எழுதுங்கள். கையில் 300 வெள்ளி இருந்தால், பாதியைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் பாதியை மட்டும் அலங்காரத்துக்கு வைத்து, கடைசிப் பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். எரிவாயு தீரும், ஐஸ் கட்டி வாங்க மறந்திருப்போம். அந்தப் பங்கு அதற்குத்தான்.

மஞ்சள், நீலம், ஒரு கொத்து முடி

உப்பினுக்கு மஞ்சள் கையில்லாப் பனியன், தலை உச்சியில் ஒரே ஒரு கொத்து முடி. இப்பினுக்கு நீலப் பனியன், கழுத்தில் சிவப்புத் துண்டு, முழு மொட்டை. பனியன்களில் அவரவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்து இருக்கும். அலங்காரத்துக்கு இதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மஞ்சளும் நீலமும் சேர்ந்து இருந்தாலே பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

எழுதுபொருள் கடையில் மாஜோங் காகிதம் நான்கு தாள் வாங்கிப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரு பெரிய வட்டத் தலையை வரையுங்கள். கண், காது, சிரிப்பு போதும். ஓவியம் வராதவர்கள் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்துக் கோடு இழுக்கலாம். தலையில் முடி மட்டும் இருக்கக் கூடாது. அது விளையாட்டுக்கு வேண்டும். வீட்டுக்காக நாமே வரைந்து மாட்டுவது ஒன்று. அந்த உருவங்களை அச்சடித்து மற்றவர்களுக்கு விற்பது உரிமம் சம்பந்தப்பட்ட வேறு விஷயம். வீட்டிலிருந்து அணிச்சல் செய்து விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பத்துச் சூழலுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியது குறைவு. முறம், மெங்குவாங் பாய், பழைய அரிக்கேன் விளக்கு, வாழையிலை ஆகியவற்றை வாசலில் எடுத்து வைத்தாலே கம்பம் வந்துவிடும். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தென்னங்கீற்றுத் தோரணம் கட்ட மாமா ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் கட்டும் தோரணத்துக்கு முன்னால் கடையில் விற்கும் காகிதத் தொங்கல் நிற்காது. பால்மாவு, மைலோ பெட்டிகள் நான்கைச் சேர்த்து ஒட்டி, பக்கத்தில் அட்டைச் சக்கரம் வைத்தால் ராஜூவின் மாட்டு வண்டி. விருந்தில் அதிகப் படம் எடுக்கப்படும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

வேடத்துக்குச் சாதாரண மஞ்சள் பனியனும் நீலப் பனியனும் வாங்கி, எழுத்தைத் துணியில் வெட்டித் தைத்துவிடுங்கள். சிவப்புத் துண்டைப் பிள்ளையின் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டாம். எங்காவது மாட்டினால் இறுக்கிவிடும். பனியனின் தோள்பட்டையிலேயே இரண்டு தையல் போட்டு நிறுத்திவிடலாம். வேடம் போட மாட்டேன் என்று பிள்ளை அடம் பிடித்தால் விட்டுவிடுங்கள். வேடமணிந்த பெரிய ஆள் பொம்மையை வாடகைக்கு எடுக்கும் யோசனையையும் இந்த வயதில் கைவிடுவது நல்லது. திரையில் உள்ளங்கை அளவு இருந்த இப்பின், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் பிள்ளை அலறும்.

பலூன், மெழுகுவத்தி, சிறிய பேட்டரி

விருந்தை வீட்டிலேயே செய்யும்போது பாதுகாப்புக்கும் நாம்தான் பொறுப்பு. இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

பலூன் வெடித்ததும் பிள்ளைகள் முதலில் எடுப்பது அந்தக் கிழிந்த ரப்பர்த் துண்டை. அடுத்த நொடி அது வாயில் இருக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சுக் குழாயை முழுதாக மூடிவிடும். ஆகவே பலூன்களைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். “யாராவது பாத்துக்குவாங்க” என்றால் யாரும் பார்ப்பதில்லை. மிதக்கும் வாயு பலூன் வாங்குவதாக இருந்தால் உள்ளே ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேட்டு வாங்குங்கள். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. மெழுகுவத்திக்கு அருகில், சிகரெட்டுக்கு அருகில் ஒரு கொத்து பலூன் வெடித்தால் முகம் கருகிவிடும். பெயர் தெரியாத பலூன் என்றால் வாங்காமல் இருப்பதே மேல். வாயால் ஊதிய பலூனும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

பனி நுரை தெளிப்பான்கள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் வாயு அடைக்கப்பட்டிருக்கும். அணிச்சலில் மெழுகுவத்தி எரியும்போது அதை அடிக்கும் இளைஞர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மெழுகுவத்திக்குப் பதில் எல்இடி விளக்கு பாதுகாப்பானது என்று நினைத்து வாங்குகிறோம். அதற்குள் இருப்பது பொத்தான் அளவு பேட்டரி. பாடும் வாழ்த்து அட்டையிலும் மின்னும் மோதிரத்திலும் அதே பேட்டரிதான். பிள்ளை விழுங்கி அது உணவுக் குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே கடுமையான புண் ஏற்படலாம். திருகாணி போட்டு மூடிய பேட்டரிப் பெட்டி உள்ள விளக்கை மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

எது சிறியது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய் வழியாக ஒரு பொருள் நுழைந்து விழுந்தால் அது மூன்று வயதுக்குட்பட்டவர்களின் கையில் இருக்கக் கூடாது. கோலிக்குண்டு, சிறிய ரப்பர்ப் பந்து, பொம்மையின் சக்கரம் எல்லாம் இதில் அடங்கும். கூம்பு வடிவக் காகிதத்தில் கட்டிக் கொடுக்கும் கச்சான் கடலையும் பாப்கார்னும் கெட்டி மிட்டாயும் கூட. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்க வேண்டும், சோசேஜையும் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீற வேண்டும். ரம்புத்தான் காலமாக இருந்தால் கொட்டையை எடுத்துவிட்டுச் சதையைப் பிய்த்துக் கொடுங்கள்.

அப்படியும் ஏதாவது சிக்கினால்: பிள்ளை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவே விடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 999ஐ அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் 995. வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கு முறை வேறு. வயிற்றை அழுத்தக் கூடாது. கிளினிக் தாதியிடம் முன்கூட்டியே கேட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஆயாம் கோரேங் இல்லாமல் எப்படி?

உப்பினுக்கும் இப்பினுக்கும் பிடித்த சாப்பாடு பொரித்த கோழி என்பது பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே சாப்பாட்டுப் பட்டியலை யோசிக்க வேண்டியதே இல்லை: வெள்ளைச் சோறு அல்லது நெய்ச்சோறு, ஆயாம் கோரேங், பருப்பு, வெள்ளரிக்காய், அப்பளம். பெரியவர்களுக்கு மட்டும் தனியாகச் சம்பால்.

ஒரு கிலோ கோழிக்கு ஐந்து சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, இரண்டு தண்டு செராய் ஆகியவற்றை அரைத்து, ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் பிரட்டி ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். பொரிப்பதற்கு முன் ஒரு கரண்டி அரிசி மாவும் ஒரு கரண்டி சோள மாவும் தூவினால் மொறுமொறுப்பு நிற்கும். மிளகாய் சேர்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு இரண்டு துண்டு, சிறியவர்களுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் 25 பேருக்கு ஏறக்குறைய 45 துண்டு வரும். தொடைக்கால் என்றால் ஐந்து கிலோ. விருந்தினர் வருவதற்கு முன்பே பொரித்து முடித்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிப் பிள்ளைகள் போகாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எலும்போடு கொடுக்காமல் பிய்த்துப் போடுங்கள்.

எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தைக் கூப்பிடாமல் உப்பின் இப்பின் விருந்து நடத்த முடியாது. ஹலால் கடையில் கோழி வாங்கி, அவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் காகிதத் தட்டில் அல்லது வாழையிலையில் பரிமாறினால் போதும். “ஹலால் கடைக் கோழிதான், காக்கா” என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனம் நிம்மதியாகும். இனிப்பு வாங்கும்போதும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்களில் சேரும் ஜெலட்டின் விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை இருந்தால் முஸ்லிம் நண்பர்களுக்குச் சரி, ஆனால் மாட்டு ஜெலட்டினாக இருந்தால் நம் வீட்டுப் பாட்டிக்குச் சரிவராது.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது: அகார்-அகார். கடற்பாசியிலிருந்து எடுப்பதால் சைவக்காரருக்கும் முஸ்லிமுக்கும் ஒரே தட்டில் வைக்கலாம். இன்னொரு வசதி, அது அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும், பிறகு நம் வெயிலுக்கு உருகாது. பட்டர் கிரீம் அணிச்சல் முன்வாசல் சூட்டில் அரை மணி நேரத்தில் வழிய ஆரம்பிக்கும். அகார்-அகார் அப்படியே நிற்கும். அதனால் அணிச்சலையே அகார்-அகாரில் செய்துவிடலாம், அதுவும் உப்பின் இப்பின் நிறத்தில், கடைச் சாயம் இல்லாமல்.

மஞ்சளுக்குச் சோளம். 10 கிராம் அகார்-அகார் பொடியை 700 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, 150 கிராம் சீனி, ஒரு டின் கிரீம் சோளம், அரைக் கிண்ணம் சந்தான், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து இறக்குங்கள். சோளத்தைச் சேர்க்கும் முன் அரைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது.

நீலத்துக்குச் சங்குப்பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். கிளந்தானின் நாசி கெராபுவுக்கு நீலம் கொடுப்பது இந்தப் பூதான். தோட்ட வீடுகளின் வேலியில் சும்மா படர்ந்து கிடக்கும். முப்பது பூவைக் காம்பு நீக்கிக் கழுவி ஒரு கிண்ணம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் கடும் நீலம் இறங்கும். அதையும் சேர்த்து மொத்தம் 800 மில்லிலிட்டர் தண்ணீர், 10 கிராம் பொடி, 150 கிராம் சீனி. எலுமிச்சை ஒரு சொட்டு விழுந்தாலும் நீலம் ஊதாவாகிவிடும், கவனம். அண்ணன் அக்காமார்களுக்கு அதையே ஒரு வேடிக்கையாகக் காட்டலாம்.

அடுக்கு பிரியாமல் இருக்க ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சள் அடுக்கின் மேல் விரலை வைத்தால் ஆடை போல் இலேசாக ஒட்ட வேண்டும். முழுதாக உறைந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் நீலத்தைச் சூடாகவே, கரண்டியின் பின்புறத்தில் படும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாமல் காத்துக்கிடந்து ஆறிய பிறகு ஊற்றினால், வெட்டும்போது இரண்டும் வழுக்கிக்கொண்டு தனித்தனியாகப் போகும். முதல் நாள் இரவே செய்து குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மெழுகுவத்தி நடுவில் நிற்கும். நாங்கள் செய்த வகையில் சாயவில்லை. பிள்ளைகளுக்கு மெல்லிய துண்டாக வெட்டிக் கொடுங்கள். ஒரே வாயில் உறிஞ்சும் சின்னக் கிண்ண ஜெல்லி மட்டும் வேண்டாம், அது அப்படியே தொண்டைக்குள் போய் அடைத்துவிடும்.

சந்தான் சேர்த்த சோறோ பலகாரமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்க வேண்டாம். வராமல் போன மாமாவுக்கு மாலையில் டபாவ் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு, அதுவரை குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும்.

விளையாட்டு

இந்த வயதில் வரிசை, வெற்றி, தோல்வி எதுவும் எடுபடாது. மூன்று விளையாட்டு போதும். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்.

சுவரில் ஒட்டிய மொட்டைத் தலைக்கு முடி வைப்பது முதலாவது. கறுப்புக் கம்பளி நூலைச் சிறு கொத்துகளாகக் கட்டி, இரட்டைப் பக்க ஒட்டுநாடா போட்டுக் கொடுங்கள். கண்ணைக் கட்டாதீர்கள், மூன்று வயதில் பயந்துவிடும். பிள்ளைகள் மூக்கில் வைப்பார்கள், காதில் வைப்பார்கள். யார் வைத்தாலும் எல்லாரும் ‘பெத்துல், பெத்துல், பெத்துல்’ என்று இப்பின் மாதிரி மூன்று முறை சொல்ல வேண்டும். தாத்தா பாட்டிமார்களுக்கும் ஒரு கொத்து கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது ரெம்போவின் முட்டை. ரெம்போ, தோக் டாலாங் வளர்க்கும் சேவல். சேவல் எப்படி முட்டையிடும் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக் கோழியின் முட்டை என்று சமாளித்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டைகளை மஞ்சளிலும் சங்குப்பூ நீரிலும் நிறமேற்றி, பாய்க்கு அடியிலும் முறத்துக்குப் பின்னாலும் பாதி தெரியும்படி வையுங்கள். தலைக்கு இரண்டு என்று எண்ணி வைத்தால் அழுகை இல்லை. எடுத்ததை எண்ணிக்கொள்ளுங்கள், கண்டெடுக்காத முட்டை மூன்றாம் நாள் தானே தெரியவரும்.

மூன்றாவது மாட் ஜெனினின் தேங்காய். படித்து முடித்த நாளிதழைக் கசக்கிப் பந்தாக்கி, பழுப்புக் காகிதம் சுற்றினால் தேங்காய். பெரிய அண்ணன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து உதிர்க்க, சின்னவர்கள் பொறுக்கி ராஜூவின் அட்டை வண்டியில் போட வேண்டும். வண்டி நிறைந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடியும் கேட்பார்கள். நாளிதழ் எத்தனை கட்டு இருந்தாலும் பத்தாது.

நேரம் மிச்சமிருந்து, யாராவது சோர்ந்து அழ ஆரம்பித்தால் ஜன்னல் திரையை மூடிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டுங்கள். டாலாங் என்றால் வாயாங் கூலிட் நிழற்பாவைக் கூத்தை நடத்துபவர் என்று பொருள். விரிப்பின் பின்னால் கைத்தொலைபேசி விளக்கை வைத்து, அட்டையில் வெட்டிய சேவலையும் மாட்டையும் ஆட்டினால் அறை அடங்கிவிடும். கதை தமிழில் இருக்கட்டும். மாடு பேசட்டும், அது ராஜூவின் மாடுதானே.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் வண்ண மெழுகுக் குச்சிகள் நான்கு, நாமே வரைந்து நகலெடுத்த உப்பின் தலை ஒன்று, ஒரு வாழைப்பழம், ஒரு முறுக்குப் பொட்டலம். விசில், குட்டிப் பந்து, மின்னும் மோதிரம் வேண்டாம். காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு முதலில் தரையைப் பாருங்கள்: பலூன் துண்டு, ஒட்டுநாடா, சிந்திய கடலை, குண்டூசி. கூட்டிப் பெருக்கிய பிறகுதான் பிள்ளையைக் கீழே விட வேண்டும். பலூன்களை அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம், தோரணத்தையும் கழற்றலாம். சுவரில் இருக்கும் அந்தப் பெரிய தலையை மட்டும் ஒரு வாரம் விட்டு வையுங்கள். மறுநாள் காலையில் பிள்ளை எழுந்ததும் நேராக அங்கேதான் போகும், முடியைப் பிய்த்து மறுபடி ஒட்டும். ஒட்டுநாடா இன்னொரு சுருள் கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் நல்லது.